கட்டற்ற பணிசெயல் முறைமையைக் கற்றல்: வன்னிப் பெருநிலப்பரப்பை முன்னிறுத்திய ஒரு நோக்கு

1. முன்னுரை

தொழினுட்பம் ஒன்று ஒரு சமூகத்தை வந்தடையும்போது அதனைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர் என்ற வினா எழுதல் இயல்பு. ஆயின் அச்சமூகத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது வேறொரு வினாவாகும். அதனைத் திறந்து பார்க்கவும், பழுது நீக்கவும், தம் தேவைக்கேற்ப மாற்றவும் வல்லவர் அச்சமூகத்தில் உளரா என்பதே அவ்வினா. உழவு இயந்திரம் வன்னி வயல்களுக்கு வந்தபோது அதனை ஓட்டக் கற்றவர் பலர். கழற்றிப் பூட்டக் கற்றவர் சிலர். போர்க்காலப் பொருளாதாரத் தடையினால் எரிபொருளும் மின்கலமும் உதிரிப்பாகமும் வடபகுதிக்கு வருதல் கட்டுப்படுத்தப்பட்டிருந்த 1990களில், பெற்றோலுக்கென ஆக்கப்பட்ட இயந்திரத்தை மண்ணெண்ணெயில் ஓடச்செய்ததும், துவிச்சக்கர வண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதும் ஏட்டுக்கல்வியால் மட்டும் இயன்றவையல்ல. பொருளைத் திறந்து பார்க்கும் பழக்கமே அவற்றை இயலச்செய்தது.

இன்று கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களின் பாடசாலைகளிலும் கல்வி நிலையங்களிலும் கணினி வந்துவிட்டது. அக்கணினியைத் திறந்து பார்க்கும் உரிமை எமது மாணாக்கருக்கு உண்டா? வன்பொருளை ஒரு திருகாணிச் செலுத்தியைக்கொண்டு திறந்துவிடலாம். ஆனால் அதனை இயக்கும் மென்பொருள் பூட்டப்பட்டிருக்குமாயின் திறந்ததனாற் பயன் சிறிதே. இப்பூட்டு இல்லாத பணிசெயல் முறைமைகள் பற்றியும், அவற்றைத் தொடக்கநிலை மாணாக்கர் ஒருவர் எம்முறையிற் கற்கலாம் என்பது பற்றியும், அக்கல்விக்கு வன்னிச் சூழலில் உள்ள வாய்ப்புகளும் தடைகளும் எவை என்பது பற்றியும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பணிசெயல் முறைமையும் மூலநிரலும்

கணினியின் செயலி, நினைவகம், வன்தட்டு, விசைப்பலகை, திரை ஆகியன தனித்தனி உறுப்புகள். இவற்றை ஒன்றிணைத்து, எந்தச் செய்நிரலுக்கு எவ்வளவு நினைவகம், எவ்வளவு நேரம், எந்தக் கோப்பு என்று பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை மென்பொருளே பணிசெயல் முறைமை எனப்படுகின்றது. இதன் உள்ளே வன்பொருளுடன் நேரடியாக உறவாடும் பகுதி கரு எனப்படும். கருவைச் சூழப் பல சிறு கருவிநிரல்களும், அவற்றின் மேல் நாம் திரையிற் காணும் சாளரங்களும் அமைகின்றன. கருவும் கருவிகளும் திரைத்தோற்றமும் வேறுவேறானவை என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாக உணர்ந்துகொள்ளல் வேண்டும். கட்டற்ற முறைமைகளில் இம்மூன்றும் வெவ்வேறு குழுவினரால் ஆக்கப்பட்டு ஒன்றாகத் தொகுக்கப்படுவதால், இவ்வேறுபாட்டை அறியாதவர் விரைவிற் குழப்பமடைவர்.

மென்பொருளை மனிதர் எழுதுவது மூலநிரலாக. அதனை இயந்திரம் விளங்கும் இரும எண் வடிவுக்கு மாற்றிய பின்னரே கணினி இயக்குகின்றது. இரும வடிவை மட்டும் விற்று மூலநிரலை மறைத்துவைத்தல், பரம்பரை வைத்தியர் ஒருவர் குளிகையை மட்டும் கொடுத்து, அதன் செய்முறை உள்ள ஏட்டைப் பெட்டியிற் பூட்டிவைப்பதனை ஒத்தது. குளிகை நோயைத் தீர்க்கலாம். ஆனால் வைத்தியர் மறைந்தபின் அறிவும் மறைந்துபோகின்றது. ஏடு மறைந்தமையால் எமது மருத்துவ மரபில் நாம் இழந்தவை எவ்வளவு என்பதை வாசகர் அறிவர். மூலநிரலைப் பொதுவில் வைத்தல் என்பது அவ்வேட்டைப் படியெடுத்து ஊருக்குக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

3. வரலாற்றுப் பின்னணி

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலானோர் யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை உருவாக்கத் தொடங்கினர். 1973இல் அது சீ என்னும் நிரல்மொழியில் மீள எழுதப்பட்டது. இதனால் ஒருவகை இயந்திரத்துக்கு மட்டும் உரியதாயிருந்த முறைமை பல்வகை இயந்திரங்களுக்கும் கொண்டுசெல்லத்தக்கதாயிற்று. 1970களில் யுனிக்ஸின் மூலநிரல் பல்கலைக்கழகங்களுக்குக் கிடைத்தமையால் மாணாக்கர் அதனைப் படித்துக் கற்றனர். 1980களில் அது முழுமையான வணிகப் பண்டமாக்கப்பட்டபோது அவ்வாய்ப்பு சுருங்கியது. கூட்டுழைப்பில் வளர்ந்த அறிவு தனியுடைமையாக மாறும் பொதுவான போக்கின் ஓர் உதாரணமாக இதனைக் கொள்ளலாம்.

இப்போக்குக்கு எதிர்வினையாகவே 1983 செப்ரெம்பர் 27ஆந் திகதி றிச்சட் ஸ்டோல்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். யுனிக்ஸை ஒத்த, ஆனால் எவரும் பயன்படுத்தவும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் தக்க ஒரு முழுமுறைமையை ஆக்குதல் அதன் குறிக்கோள். 1985இல் கட்டற்ற மென்பொருள் நிறுவகம் தோற்றுவிக்கப்பட்டது. 1989இல் குனூ பொது உரிமத்தின் முதற் பதிப்பு வெளியாயிற்று. பதிப்புரிமைச் சட்டத்தையே கருவியாகக் கொண்டு, மென்பொருளை மாற்றி வெளியிடுவோரும் அதே சுதந்திரத்தைப் பிறர்க்கு அளித்தல் வேண்டும் எனக் கட்டாயப்படுத்துவது இவ்வுரிமத்தின் தனிச்சிறப்பாகும்.

குனூ திட்டத்தாருக்குக் கருவிகள் பல கைகூடியபோதும் கரு கைகூடவில்லை. அக்குறையை நிரப்பியவர் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வல்ட்ஸ். 1991 ஓகஸ்ட் 25இல் தாம் ஒரு முறைமையைப் பொழுதுபோக்காக எழுதிவருவதாக அவர் அறிவித்தார். 1992இல் அது குனூ பொது உரிமத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அதுவே லினக்ஸ். குனூவின் கருவிகளும் லினக்ஸ் கருவும் இணைந்தமையால் முழுமுறைமை பிறந்தது. இதனைத் தொகுத்து வழங்கும் வழங்கல்கள் பல தோன்றின. 1993இல் தொடங்கிய டெபியன் முழுவதும் தொண்டர்களால் நடத்தப்படுவது. டெபியனை அடித்தளமாகக்கொண்டு 2004 ஒக்ரோபரில் வெளிவந்த உபுண்டு, இறுவட்டுகளைக் கேட்டோர்க்கு அஞ்சலில் இலவசமாக அனுப்பிவந்தது. 2011இல் நிறுத்தப்பட்ட இவ்வழங்கல், இணைய வசதி குறைந்த நாடுகளில் லினக்ஸ் பரவுவதற்குத் துணைபுரிந்தது.

இவ்வரலாற்றை ஓர் இலட்சியக் கதையாக மட்டும் நோக்குதல் பொருந்தாது. இன்று லினக்ஸ் கருவுக்கு நிரல் எழுதுவோருட் பெரும்பாலோர் பெரிய நிறுவனங்களின் ஊதியம் பெறுவோரே. றெட் ஹற் என்னும் லினக்ஸ் நிறுவனத்தை ஐ.பி.எம். 2019இல் ஏறத்தாழ 34 பில்லியன் டொலருக்கு வாங்கியது. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீக்கணினிகளின் பட்டியலில் உள்ள அனைத்தும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. அன்ட்ரொயிட் கைப்பேசியின் உள்ளே இருப்பதும் லினக்ஸ் கருவே. முல்லைத்தீவின் கடலோரக் கிராமத்து மாணவி தன் கையில் லினக்ஸை ஏந்தியவாறே, அப்படியொன்று இருப்பதை அறியாதிருத்தல் கூடும். மூலதனம் பொதுவுடைமையான மென்பொருளைத் தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்கின்றது. எனினும் உரிமம் காரணமாக அதன் மூலநிரலை எவரிடமிருந்தும் மறைக்க அதனால் இயலவில்லை. இம்முரண்பாட்டினுள்ளேயே எமக்குரிய வாய்ப்பும் அமைந்துள்ளது.

4. இலவசமும் சுதந்திரமும்

கட்டற்ற மென்பொருளுக்கு நான்கு சுதந்திரங்கள் கூறப்படுகின்றன: எந்நோக்கத்துக்கும் இயக்குதல், எவ்வாறு இயங்குகின்றது என ஆராய்ந்து மாற்றுதல், படிகளைப் பகிர்தல், மாற்றிய வடிவத்தையும் பகிர்தல் என்பன அவை. விலையின்மை இவற்றின் விளைவேயன்றி வரைவிலக்கணமன்று. 1998 முதல் வழக்குக்கு வந்த திறந்த மூலம் என்னும் சொல் இதே மென்பொருளின் செய்முறைச் சிறப்பை வற்புறுத்துவது. கட்டற்ற என்னும் சொல் பயனரின் உரிமையை வற்புறுத்துவது.

வன்னி வாசகருக்கு இதனைக் குளத்தின் வழி விளக்கலாம். இரணைமடுக் குளத்தின் கீழ்ச் சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்பது குளத்து நீரின் அளவைப் பொறுத்து, கமக்காரரும் அதிகாரிகளும் கூடும் கூட்டத்தில் முடிவாகின்றது. நீர் பொதுவானது, வாய்க்காலும் பொதுவானது. ஆனால் ஒருவர் வயலுக்குப் பாய்ந்த நீர் மற்றவர் வயலுக்குப் பாயாது. மென்பொருள் இவ்வகையில் நீரினின்றும் வேறுபட்டது. ஆயிரம் பேர் படியெடுப்பினும் முதற்படி குறைவதில்லை. ஆகவே மென்பொருளிற் பற்றாக்குறை என்பது இயற்கையானதன்று, உரிமத்தால் உண்டாக்கப்படுவது.

எனினும் வாய்க்காலுடன் மென்பொருளுக்கு ஓர் ஒற்றுமை உண்டு. துப்புரவாக்குவாரின்றி விடப்பட்ட வாய்க்கால் தூர்ந்துபோகும். 2014 ஏப்ரிலில் வெளிப்பட்ட ஹாட்பிளீட் என்னும் பாதுகாப்புக் குறைபாடு, உலக இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஒரு கட்டற்ற மென்பொருளை மிகச் சிலரே பராமரித்துவந்தனர் என்பதைக் காட்டியது. பொதுச்சொத்தைப் பெறுவோர் அதன் பராமரிப்பிலும் பங்குகொள்ளுதல் வேண்டும் என்பது குளத்துக்கும் மென்பொருளுக்கும் பொதுவான விதியாகும்.

எமது நாட்டில் இலவசமாகக் கிடைப்பது கட்டற்ற மென்பொருள் மட்டுமன்று. களவுப் பிரதியும் நெடுங்காலமாகக் கிடைத்துவருகின்றது. அதனால் லினக்ஸின் விலையின்மை பலருக்குக் கவர்ச்சியாகத் தோன்றுவதில்லை. ஆனால் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினிச் செய்நிரல்களுக்கும் பாதுகாப்பளிக்கின்றது. சட்டத்தை ஒருபுறம் வைத்து நோக்கினும், களவுப் பிரதி மாணாக்கருக்குக் கற்பிப்பது பயன்பாட்டை மட்டுமே. மூலநிரலை அது ஒருபோதும் காட்டுவதில்லை. மேலும் விண்டோஸ் 10இற்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் நிறைவுற்றது. அதனை அடுத்த விண்டோஸ் 11, பழைய செயலிகள் பலவற்றை ஏற்பதில்லை. ஆகவே நல்ல நிலையில் உள்ள கணினிகள் பல, பழுதடைந்தமையாலன்றி, தொலைவில் எடுக்கப்பட்ட ஒரு வணிக முடிவினாற் பழையனவாகின்றன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபின் புதிய கணினி வாங்குதல் எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இப்பழைய கணினிகளிற் பலவற்றில் எடை குறைந்த லினக்ஸ் வழங்கல்கள் இன்றும் செவ்வனே இயங்கும்.

5. தொடக்கநிலையாளர் கற்கும் முறை

முதலாவது, நிறுவாமலே பரீட்சித்தல். பெரும்பாலான வழங்கல்களைப் பென் ட்றைவ் ஒன்றில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடக்கிப் பார்க்கலாம். வன்தட்டில் உள்ள எதுவும் மாறாது. திரை, ஒலி, கம்பியில்லா வலையமைப்பு ஆகியன வேலைசெய்கின்றனவா என்பதை இந்நிலையிலேயே பார்த்துக்கொள்ளல் நன்று. பதிவிறக்கக் கோப்பு சில கிகாபைற் அளவினதாதலின், ஒருவர் பதிவிறக்கிப் பலர்க்குப் படியெடுத்துக் கொடுத்தலே சிக்கனமான வழி. உரிமம் இதனை அனுமதிப்பது மட்டுமன்றி வரவேற்கவும் செய்கின்றது.

இரண்டாவது, நிறுவுதல். நிறுவுமுன் தம் கோப்புகளை வேறோரிடத்திற் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது. வன்தட்டைப் பகுதிகளாகப் பிரித்து விண்டோஸையும் லினக்ஸையும் அருகருகே வைத்தல் இயலும். எனினும் தவறான பகுதியைத் தெரிந்தால் அதிலுள்ளன அழிந்துபோகும் ஆதலால், பழைய கணினி ஒன்றில் முழுவதுமாக நிறுவிப் பழகுதல் தொடக்கநிலையாளருக்கு ஏற்றது.

மூன்றாவது, கோப்புகளின் அமைப்பு. விண்டோஸில் ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் எழுத்து உண்டு. லினக்ஸிலோ எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைக்கும் மரமாக அமைந்துள்ளது. பயனரின் கோப்புகள் ஒரு கிளையிலும், முறைமையின் அமைவுகள் மற்றொரு கிளையிலும் உள்ளன. பென் ட்றைவைச் செருகினால் அதுவும் அம்மரத்தில் ஒரு கிளையாகவே ஒட்டப்படும்.

நான்காவது, உரிமைகள். ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் ஒருவர் உண்டு. படித்தல், எழுதுதல், இயக்குதல் ஆகிய மூன்று அனுமதிகளும் உரிமையாளருக்கும் குழுவுக்கும் ஏனையோருக்கும் தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளன. சாதாரணப் பயனர் முறைமையைக் குலைக்க இயலாது. முழு அதிகாரம் படைத்த வேர்ப்பயனரின் உரிமையைத் தேவைப்படும்போது மட்டும் கடவுச்சொல் கொடுத்துப் பெறுதல் வேண்டும். தொடக்கநிலையாளரைச் சலிப்படையச் செய்யும் இக்கட்டுப்பாடே, ஒருவர் செருகிய பென் ட்றைவினால் ஆய்வுகூடம் முழுவதும் கெட்டுப்போதலைப் பெரிதும் தடுக்கின்றது.

ஐந்தாவது, களஞ்சியம். மென்பொருளைத் தெரியாத இடங்களிலிருந்து தேடி நிறுவாது, வழங்கலின் களஞ்சியத்திலிருந்து பெறுதலே முறை. ஒவ்வொரு பொதியும் எந்தெந்தப் பொதிகளைச் சார்ந்துள்ளது என்பதை முறைமையே அறிந்து அவற்றையும் பெற்றுக்கொள்ளும்.

ஆறாவது, கட்டளைவரி. கறுப்புத் திரையில் எழுத்துகளைத் தட்டுதல் பழமையானது என்னும் எண்ணம் பரவலாக உண்டு. ஆனால் முறைமையின் தருக்கம் வெளிப்படுவது இங்கேயே. 'எல்எஸ்' என்னும் கட்டளை கோப்புகளைப் பட்டியலிடும். 'சீடி' கோப்புறை மாற்றும். 'மான்' கட்டளைகளின் கையேட்டைத் திறக்கும். ஒவ்வொன்றும் சிறிய வேலை ஒன்றை மட்டும் செய்வது. 1973இல் யுனிக்ஸிற் புகுத்தப்பட்ட குழாய் என்னும் உத்தி, ஒன்றின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாக்கி அவற்றை இணைக்கின்றது.

தமிழ் மாணாக்கருக்கு உகந்த உதாரணம் ஒன்றை நோக்குவோம். வன்னியின் ஊர்ப்பெயர்களை வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் எழுதுவோம்: மாங்குளம், புளியங்குளம், கனகராயன்குளம், செட்டிகுளம், பாண்டியன்குளம், ஓமந்தை, நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், உருத்திரபுரம், பரந்தன். 'கிரெப்' என்னும் கட்டளையிடம் 'குளம்' என முடியும் வரிகளைக் கேட்டு, அதன் வெளியீட்டைக் குழாய்வழி எண்ணும் கட்டளையான 'டபிள்யூசி'க்கு அனுப்பினால் விடை 5 என வரும். பத்துப் பெயருக்கு இது விளையாட்டு. மாவட்டங்களின் கிராமப் பெயர்ப் பட்டியல் முழுவதற்கும் இதே ஒருவரிக் கட்டளை போதும். குளம், கேணி, மோட்டை, கட்டு, புரம் என ஈறுகளைப் பிரித்து இடப்பெயராய்வு செய்வோர்க்கு இதன் பயன் தெளிவாகும். கணினியைக் கற்றலும் தமிழாய்வும் ஒன்றுக்கொன்று புறம்பானவையல்ல.

இறுதியாக, வழுச்செய்திகளை வாசித்தல். பிழை நேர்ந்தால் லினக்ஸ் பெரும்பாலும் காரணத்தைக் கூறிவிடும். அதனை வாசியாது திரையை மூடுதல் பயனரின் பழக்கம்; வாசித்து, எழுதி வைத்து, பிறரிடம் கேட்டல் கற்போரின் பழக்கம்.

6. தமிழும் கட்டற்ற முறைமையும்

மேற்கூறிய ஊர்ப்பெயர்ப் பட்டியல் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டிருப்பின் அக்கட்டளை ஒன்றையும் கண்டுபிடியாது. ஏனெனில் பாமினியில் எழுதிய 'தமிழ்' என்னும் சொல், கணினியின் நினைவில் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே பதிந்துள்ளது; தமிழ் வடிவம் கண்ணுக்கு மட்டுமே தோன்றுவது. எமது பாடசாலை வினாத்தாள்களும் சங்க அறிக்கைகளும் நினைவு மலர்களும் பல்லாண்டுகளாக இம்முறையிலேயே தட்டச்சாகிவந்துள்ளன. எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற குறிகளாகத் தோன்றும்.

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டது. இன்றைய லினக்ஸ் வழங்கல்கள் ஒருங்குறித் தமிழை இயல்பாகவே காட்டுகின்றன. லோகித், நோட்டோ முதலான கட்டற்ற எழுத்துருக்களும் உள்ளன. உள்ளீட்டுக்குத் தமிழ்99 உடன் இலங்கையில் நியமமாக்கப்பட்ட ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கின்றது. ஆதலின் லினக்ஸுக்கு மாறுவோர் பணிசெயல் முறைமையை மட்டுமன்றித் தட்டச்சுப் பழக்கத்தையும் மாற்ற நேரலாம். இம்மாற்றம் சில வாரங்கள் சிரமந்தரினும் அதனால் எழுத்து நிலைபேறு பெறுகின்றது. ஒருங்குறியிலும் நுட்பங்கள் உண்டு. 'நொச்சி' என்பதிலுள்ள ஒகரக்குறியை ஒரே குறியீடாகவும், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் பதிய இயலும். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவ்விரண்டையும் எளிய தேடற்கட்டளை வேறாகவே கருதும்.

திரைத்தோற்றங்களான க்னோம், கேடிஈ ஆகியவற்றைத் தமிழாக்கும் பணி பல்லாண்டுகளாகத் தன்னார்வலரால் நடைபெற்றுவருகின்றது. கட்டற்ற கணிநுட்பத்தைத் தமிழில் விளக்கும் கணியம் இதழ் 2012 முதல் தமிழகத்திலிருந்து வெளிவருகின்றது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் பாதுகாத்துவரும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கிக் கட்டற்ற மென்பொருளின் மீதே கட்டியெழுப்பப்பட்டது. இவை ஊக்கந்தருவன. எனினும் ஓர் இடர்ப்பாடு கருதத்தக்கது. எமது பாடநூலிற் 'பணிசெயல் முறைமை' எனப் படித்த மாணவர், தமிழக நூலில் 'இயங்குதளம்' எனவும் 'இயக்க முறைமை' எனவும் காண்கின்றார். திரையிலும் பாடநூலிலும் சொல் வேறுபடுமாயின் தாய்மொழி இடைமுகம் உதவியாகாது தடையாகி, மாணவர் ஆங்கில இடைமுகத்துக்கே திரும்புவர். தனியுடைமை மென்பொருளில் இதற்கு நாம் செய்யத்தக்கது முறையீடு மட்டுமே. கட்டற்ற மென்பொருளிலோ சொல்லை நாமே திருத்தி அனுப்பலாம். இலங்கை வழக்குக்கெனத் தனிப் பெயர்ப்பும் ஆக்கலாம். இவ்வுரிமை எமக்கு உள்ளது. இதுவரை அதனை நாம் போதியளவு பயன்படுத்தவில்லை.

7. சமனற்ற வளர்ச்சியும் வன்னியும்

இலங்கை கட்டற்ற மென்பொருளுலகில் அறியப்படாத நாடன்று. 2004 திசெம்பர் 26இன் ஆழிப்பேரலையின் பின்னர், காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப்பொருள்களையும் பதிவுசெய்வதற்கெனச் சில வாரங்களுள் இந்நாட்டுத் தொண்டர்களால் உருவாக்கப்பட்டது சகன என்னும் கட்டற்ற மென்பொருள். நிவாரணம் எனப் பொருள்படும் இச்சிங்களச் சொல் பின்னர் 2005இன் பாகிஸ்தான் நிலநடுக்கம் முதலாகப் பல நாடுகளின் அனர்த்தங்களில் ஒலித்தது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப்பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் நிறுவகம் அதற்கு வழங்கியது. கூகிள் நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் கோடைகாலக் கட்டற்ற நிரலாக்கத் திட்டத்தின் முதற் பத்தாண்டில், உலகப் பல்கலைக்கழகங்களுள் மிகுதியான மாணவர் தெரிவானது மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலிருந்தே.

அதே பத்தாண்டில் வன்னி எந்நிலையில் இருந்தது? அவ்வாழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைச் சிதைத்தது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. 2008இலிருந்து கிளிநொச்சி மக்கள் கிழக்கு நோக்கி மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிற் போர் முடிவுற்றபோது எஞ்சியோர் வவுனியாவின் முகாம்களில் அடைபட்டிருந்தனர். 1990களின் தொடக்கம் முதல் அதுவரை கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பெரும்பாலும் தேசிய மின்வலையமைப்புக்குப் புறம்பாகவே இருந்தன. மொறட்டுவை மாணவரும் முல்லைத்தீவு மாணவரும் சட்டத்தின் முன் ஒரே உரிமத்தையே பெற்றிருந்தனர். ஆனால் மின்சாரமும் இணையமும் ஆங்கிலமும் ஓய்வுநேரமும் இல்லாதவருக்கு அந்நான்கு சுதந்திரங்களும் ஏட்டளவிலேயே நின்றன. மூலநிரல் திறந்திருத்தல் சமத்துவத்துக்குத் தேவையான நிபந்தனை. அது மட்டும் போதுமான நிபந்தனையன்று. கட்டற்ற மென்பொருளைப் போற்றுவோர் பலர் மறந்துவிடும் உண்மை இதுவாகும்.

இன்று நிலைமை மாறியுள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றது. 1997இல் வளாகமாகத் தொடங்கிய வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கணினிக் கல்வி பெற்ற இளைஞர் வன்னியிலேயே உருவாகின்றனர். அவர்தம் அறிவு அயற்கிராமப் பாடசாலையை எவ்வாறு சென்றடைவது என்பதே இப்போதைய வினா.

இதற்குக் கேரளம் ஒரு முன்னுதாரணமாகும். அம்மாநில அரசின் ஐ.ரி. அற் ஸ்கூல் திட்டம் 2000களின் பிற்பகுதியில் அரச பாடசாலைகளின் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. பத்தாம் வகுப்பின் செய்முறைத் தேர்வும் அதிலேயே நடைபெறலாயிற்று. அங்கு முதலிற் பயிற்றப்பட்டோர் ஆசிரியர். பாடநூல்களும் மலையாளத்தில் ஆக்கப்பட்டன. மென்பொருளை மாற்றியது ஒருபங்கு வேலையாயின், ஆசிரியரை ஆயத்தஞ்செய்தது மூன்றுபங்கு வேலையாகும்.

தொழில் தருவோர் விண்டோஸ் அறிவையே கேட்கின்றனர் என்னும் ஆட்சேபம் இங்கு எழக்கூடும். அலுவலக எழுதுவினைஞர் வேலையைப் பொறுத்தவரை இது ஓரளவு உண்மையே. சில கணக்கீட்டு, வரைகலை மென்பொருள்கள் லினக்ஸில் இயங்குவதில்லை என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஆயின் ஒரு சாளரத்தில் ஆவணம் தட்டச்சிடக் கற்றவர் மற்றொரு சாளரத்தில் அதனைச் செய்யச் சில நாள்களே போதும். இணையச் சேவையகங்களை நிருவகிக்கும் வேலைக்கோ லினக்ஸ் அறிவு அடிப்படைத் தகைமை. அவ்வேலையைக் கொழும்புக்குப் போகாமலே செய்யவும் கூடும்.

8. முடிவுரை

மேற்போந்த ஆய்விலிருந்து மூன்று பணிகள் உடனடியாகக் கைக்கொள்ளத்தக்கன என நாம் கருதுகின்றோம். ஒன்று, பாடசாலைகளில் ஆதரவு முடிந்த கணினிகளைக் கழித்து ஒதுக்காது, அவற்றுட் சிலவற்றிலேனும் லினக்ஸை நிறுவி மாணாக்கர் அச்சமின்றிப் பரீட்சிக்க விடுதல். இரண்டு, இலங்கைப் பாடநூற் கலைச்சொற்களையும் திரையிலுள்ள சொற்களையும் ஒப்பிட்டுத் திருத்தும் பணியைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் கணினி மாணாக்கரும் கூட்டாக மேற்கொள்ளல். சொல்லறிந்தவரும் பொறியறிந்தவரும் தனித்தனியே இயங்கும் நிலை இதனால் நீங்கும். மூன்று, விடுமுறைக் காலங்களிற் பல்கலைக்கழக மாணாக்கர் தத்தம் கிராமத்து ஆசிரியர் இருவருக்கேனும் பயிற்சியளித்தல். மாணவருக்குக் கற்பித்துவிட்டுத் திரும்பினால் அவ்வாண்டுடன் அது முடியும். ஆசிரியருக்குக் கற்பித்தால் தொடரும்.

வன்னியின் குளங்கள் பல நூற்றாண்டுகளாகத் தூர்ந்தும் திருத்தப்பட்டும் வந்துள்ளன. காட்டுக்குள் மறைந்த அணைக்கட்டைக் கண்டுபிடித்துப் புதுக்கியவர்களுக்கு, அதனை முதலிற் கட்டியவர் பெயர் தெரியாது; ஆனால் கட்டிய முறை அணையிலேயே வாசிக்கத்தக்கதாய் இருந்தது. கணினிக் காலத்தில் அவ்வாறு வாசிக்கத்தக்க வேலைப்பாடுகளை எம் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போகின்றோமா, அன்றி வாடகைக்கு மட்டும் எடுத்துக் கொடுக்கப்போகின்றோமா என்பதை இப்போதே முடிவுசெய்தல் வேண்டும்.